மின்னஞ்சல் இழை எங்கே அறுந்தது? கண்டுபிடிக்கும் வழி

நீண்ட மின்னஞ்சல் உரையாடலில் ஒரே ஒரு பதில் மட்டும் தனியாகப் போய் விழுந்தால், எல்லோரும் முதலில் தலைப்பைத்தான் சந்தேகிக்கிறார்கள். இழையை, அதாவது ஒரே உரையாடலின் கடிதங்களைக் கோர்க்கும் தொடரை, பிடித்து நிறுத்துவது பெரும்பாலும் தலைப்பு அல்ல. கண்ணுக்குத் தெரியாத மூன்று வரிகள். என் அஞ்சல் பெட்டியில் சிதறிக் கிடந்த இழைகளை இவற்றை வைத்துத்தான் ஒழுங்குசெய்தேன்.

படி 1: கடிதத்தின் மூல வடிவத்தைத் திறங்கள். தண்டர்பேர்டு என்ற அஞ்சல் செயலியில் கண்ட்ரோல்-யூ, ஜிமெயிலில் மூன்று புள்ளிகளை அழுத்தி 'ஷோ ஒரிஜினல்'. வரிவரியாக ஏதேதோ கொட்டும். மிரள வேண்டாம்.

படி 2: அதில் மூன்று பெயர்களைத் தேடுங்கள். 'மெசேஜ்-ஐடி' அந்தக் கடிதத்துக்கே உரிய அடையாளம். 'இன்-ரிப்ளை-டு' எந்தக் கடிதத்துக்குப் பதில் என்று சொல்லும். 'ரெஃபரென்சஸ்' முதல் கடிதத்திலிருந்து தொடங்கும் வம்சாவளி. மின்னஞ்சலின் வடிவத்தை வகுத்த 1982இன் ஆர்எஃப்சி 822 விதிமுறையிலேயே இம்மூன்றும் இருக்கின்றன.

படி 3: வரிகளை ஒப்பிடுங்கள். முதல் கடிதம் அ, அதற்குப் பதில் ஆ, ஆ-வுக்குப் பதில் இ என்று வைத்துக்கொள்வோம். இ-யின் 'இன்-ரிப்ளை-டு' வரியில் ஆ-வின் அடையாளம் மட்டும் இருக்கும். 'ரெஃபரென்சஸ்' வரியில் அ, ஆ இரண்டும் வரிசையாக இருக்கும். இப்போது ஆ-வை நீங்கள் அழித்துவிட்டீர்கள். 'இன்-ரிப்ளை-டு' வரியை மட்டும் நம்பும் செயலிக்கு இ அநாதை. 'ரெஃபரென்சஸ்' வரியையும் படிக்கும் செயலி அதை அ-வின் கீழ் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். பதிலில் இந்த இரண்டு வரிகளுமே இல்லையா? அனுப்பியவர் 'பதில்' பொத்தானைத் தொடாமல் புதுக் கடிதம் எழுதி, 'ரீ:' என்று கையால் தட்டியிருக்கலாம்.

படி 4: இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். முகவரி தேடும் சோம்பலில் பழைய கடிதத்துக்குப் 'பதில்' அழுத்தி, தலைப்பையும் உள்ளடக்கத்தையும் அழித்துவிட்டுப் புது விஷயம் எழுதுவார்கள். மறைந்திருக்கும் வரிகள் அழிவதில்லை. தலைப்பு மாறியதால் ஜிமெயில் அதைத் தனி உரையாடலாகக் காட்டும். எழுதியவருக்கு எந்தக் குறையும் தெரியாது. தண்டர்பேர்டு வைத்திருப்பவருக்கோ அது பழைய இழையின் அடிக்கிளையில் போய் ஒளிந்துகொள்ளும். "அனுப்பினேன்", "வரவில்லை" என்ற தகராறுகளில் பாதி இதனால்தான் என்பது என் கணிப்பு. புது விஷயத்துக்குப் புதுக் கடிதம். இதில் சமரசம் வேண்டாம்.

கருவி விஷயத்தில் என் ஓட்டு தண்டர்பேர்டுக்கு. யார் யாருக்குப் பதில் சொன்னார் என்பதைக் கிளை கிளையாகக் காட்டுகிறது. ஜிமெயில் எல்லாவற்றையும் ஒரே வரிசையில் அடுக்கிவிடுகிறது. அறுந்ததை ஒட்டவைக்க மட்டும் மட் என்ற, வெறும் எழுத்துத் திரையில் ஓடும் பழைய அஞ்சல் செயலியைத் திறப்பேன். அநாதைக் கடிதத்தை 't' விசையால் குறியிட்டு, தாய்க் கடிதத்தின் மேல் நின்று & தட்டினால் சேர்ந்துவிடும்; # தட்டினால் பிரியும். தோற்றத்தைப் பார்த்து ஒதுக்கிவிடாதீர்கள்.

பின்சேர்க்கை: மூன்று வரிகளும் சரியாக இருந்தும் ஜிமெயிலில் இழை உடைகிறது என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். உரையாடலில் எத்தனை கடிதங்கள் என்று எண்ணிப் பாருங்கள். 100ஐத் தாண்டினால் ஜிமெயில் தானாகவே புது இழை தொடங்கிவிடும்.