க்யூஎம்எல்லில் கேம் எழுதுகிறீர்களா? சமக்குறியிடம் ஜாக்கிரதை

போன மாதம் ஒரு கல்லூரிப் பையன் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தான். "அண்ணா, முதல் ஆட்டம் நல்லா ஓடுது. 'மறுபடியும் ஆடு' பட்டனை அமுக்கினா மட்டும் ஹெல்த் பார் அசைய மாட்டேங்குது." ஹெல்த் பார் என்றால் உயிர் எவ்வளவு மிச்சம் என்று காட்டும் பட்டை. அவன் நிரலைத் திறப்பதற்கு முன்பே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. இதே இடத்தில் நான் இரண்டு இரவைத் தொலைத்திருக்கிறேன்.

அடைப்புக்குறியை மூட மறப்பது, படம் இருக்கும் இடத்தைத் தப்பாகக் கொடுப்பது போன்றவற்றை இங்கே எழுதப் போவதில்லை. ரன் செய்ததுமே வரி எண்ணோடு அதுவே திட்டிவிடும். திட்டாமல் கழுத்தறுக்கிறவை பற்றித்தான் பேச்சு.

க்யூஎம்எல், ஆப்களை உருவாக்க உதவும் க்யூட் என்ற கருவித்தொகுப்பின் 4.7 பதிப்போடு 2010இல் வந்த மொழி. 'முதலில் இதைச் செய், பிறகு அதைச் செய்' என்று அடுக்காமல், 'திரையில் இது இங்கே இருக்கும், இதன் அகலம் அதைப் பொறுத்தது' என்று எழுதி வைத்துவிடுவோம். நடுநடுவே ஜாவாஸ்கிரிப்டும் எழுதலாம். வினை அங்கேதான் ஆரம்பம்.

முக்காற்புள்ளியும் சமக்குறியும்

ஹெல்த் பாருக்கு 'அகலம்: உயிர் * 2' என்று எழுதுகிறோம் என்று வையுங்கள். உயிர் 100 என்றால் பட்டை 200 பிக்ஸல். அடி வாங்கி உயிர் 70 ஆனால் பட்டை தானாக 140க்குச் சுருங்கும். முக்காற்புள்ளி போட்டு எழுதியது ஒரு தடவை நடந்து முடிகிற கணக்கு இல்லை. உயிர் மாறும்போதெல்லாம் திரும்பத் திரும்பப் போடப்படும் கணக்கு. இதைத்தான் பைண்டிங் என்கிறோம்.

இப்போது ஆட்டம் முடிந்து மறுபடி தொடங்க வேண்டும். பழைய பழக்கத்தில் கை என்ன எழுதும்? ஒரு ஃபங்ஷன் வைத்து, அதற்குள் 'உயிர் = 100', அடுத்த வரியில் 'அகலம் = 200'. போச்சு. அந்த இரண்டாவது சமக்குறி அகலத்துக்கு மதிப்பை மட்டும் கொடுக்கவில்லை, பைண்டிங்கையே பிய்த்து எறிந்துவிட்டது. இனி உயிர் பூஜ்யமானாலும் பட்டை 200லேயே நிற்கும். பிழைச்செய்தி கிடையாது, எச்சரிக்கை கிடையாது. அந்த நொடியில் திரையில் தெரிவதும் சரியாகவே இருக்கும். பட்டை முழுசாகத்தானே இருக்க வேண்டும், முழுசாக இருக்கிறது!

நான் மாட்டிக்கொண்டபோது சந்தேகப்பட்டது மோதல் கணக்கை. எதிரி தொட்டால் உயிர் குறைகிற பகுதியை முழுக்கத் திருப்பி எழுதினேன். அப்புறம் உயிரின் மதிப்பை அச்சிட்டுப் பார்த்தால் 90, 80, 70 என்று ஒழுங்காகத்தான் இறங்குகிறது. சரி, படம் வரைவதில்தான் கோளாறு என்று கிராபிக்ஸ் டிரைவரை மாற்றினேன். இதை எழுத இன்னும் வெட்கமாக இருக்கிறது. ஒவ்வொரு திருத்தத்துக்குப் பிறகும் கேமைப் புதிதாகத் திறந்து முதல் ஆட்டத்தை மட்டும் ஆடிப் பார்த்து, 'சரியாகிவிட்டது' என்று படுக்கப் போனேன். முதல் ஆட்டத்தில்தான் என்றைக்குமே பிரச்சினை இல்லையே.

தீர்வு ஒரு வரியை அழிப்பதுதான். உயிரை மட்டும் 100 ஆக்குங்கள், அகலத்தைத் தொடாதீர்கள். அது பின்னால் வரும். வேறு வழியில்லாமல் தொட்டே ஆக வேண்டுமானால், வெறும் எண்ணைக் கொடுக்காமல் க்யூட் டாட் பைண்டிங் என்பதற்குள் ஒரு ஃபங்ஷனாகக் கொடுங்கள், புதிய பைண்டிங் உருவாகும். நீங்களே உருவாக்குகிற ப்ராபர்ட்டி (அகலம், உயிர் மாதிரியான பண்பு) வெறும் கணக்கு என்றால், மாற்றக் கூடாது என்று சொல்கிற ரீட்ஒன்லியை முன்னால் போட்டுவிடுங்கள். பிறகு யார் சமக்குறி போட்டாலும் கத்தும். பைண்டிங் அறுபடும்போதெல்லாம் சொல்கிற லாக் (பதிவுச்செய்தி) வகை ஒன்றும் க்யூட்டிலேயே இருக்கிறது, இயல்பில் அணைத்து வைத்திருக்கிறார்கள். ஏன் என்று எனக்கு இன்றுவரை கோபம்.

செத்தவன் சறுக்கிக்கொண்டு வருவது

நடை மெதுவாகத் தெரியட்டும் என்று எக்ஸ் (இடவலமாக நிற்கும் இடம்) மீது பிஹேவியர் போட்டிருப்பீர்கள். மதிப்பு மாறும்போது சட்டென்று தாவாமல் மெல்ல மாற வைப்பது அது. ஆட்டத்தை மறுபடி தொடங்க நாயகனை ஆரம்ப இடத்துக்கு அனுப்பினால், அவன் அங்கே தாவ மாட்டான். வழியில் இருக்கிற முள்ளையெல்லாம் உரசிக்கொண்டு சறுக்கி வந்து மறுபடி சாவான். இடம் மாற்றுகிற நேரத்தில் அந்த பிஹேவியரை அணைத்து வையுங்கள்.

டைமரில் ஐந்து ஐந்து பிக்ஸலாகக் கூட்டுவது

மெதுவான போனில் நாயகனும் மெதுவாக நடப்பான். கடந்த நேரத்தை வேகத்தோடு பெருக்கி நகர்த்துங்கள். க்யூட் 6.4 முதல் இருக்கும் ஃபிரேம் அனிமேஷன், போன ஃபிரேமிலிருந்து (போன முறை திரை வரையப்பட்டதிலிருந்து) எவ்வளவு நேரம் ஆனது என்று நொடிக் கணக்கில் தருகிறது. டைமரை 1 மில்லிநொடிக்கு வைத்தும் பயனில்லை, வழக்கமாக 16க்குக் கீழே இறங்காது.

ஒபாசிட்டி 0

ஒபாசிட்டி என்பது எவ்வளவு அழுத்தமாகத் தெரிய வேண்டும் என்ற அளவு. 0 ஆக்கினால் கண்ணுக்குத்தான் தெரியாது. விரல் பட்டால் வாங்கிக்கொள்ளும். ஒன்றை மறைக்க விசிபிள் என்ற ப்ராபர்ட்டியை அணையுங்கள்.

ஆங்கர் போட்டுவிட்டு எக்ஸ், ஒய்யை மாற்றுவது

ஆங்கர் ஒரு பொருளின் ஓரத்தை இன்னொன்றோடு கட்டிவைப்பது. கட்டிய திசையில் நகராது.

தோட்டாக்கள்

ஒவ்வொரு முறை சுடும்போதும் ஒரு தோட்டாவைப் புதிதாக உருவாக்குவது, திரையைத் தாண்டியதை அழிக்காமல் விடுவது. பத்து நிமிடம் ஆடினால் கேம் இழுக்க ஆரம்பிக்கும். நான் ஆரம்பத்திலேயே 20 தோட்டாக்களைச் செய்து மறைத்து வைத்து, அவற்றையே சுற்றிச் சுற்றிப் பயன்படுத்துவேன். இருபதும் பறந்துகொண்டிருந்தால் இருபத்தொன்றாவது கிடைக்காது. அந்தப் பையனுக்கும் இதைச் சொன்னேன். அவன் அதையே விதியாக்கிவிட்டான். துப்பாக்கி சூடாகிவிட்டதாம், ஆற விட வேண்டுமாம்.