துன்ப வேளையில் கடவுளைக் குறைகூறாமல் நம்புவது எப்படி?

துன்பம் வரும்போது மனத்தில் எழும் கோபத்தை மறைத்துக்கொண்டு ஜெபிக்க வேண்டாம். வேதாகமத்தின் பாடல்களில் ஒன்றான தாவீதின் 13-ஆம் சங்கீதம் முதல் 2 வசனங்களிலேயே ‘எதுவரைக்கும்’ என்று 4 முறை கேட்கிறது. 5-ஆம் வசனத்திலோ கர்த்தருடைய கிருபையின்மேல் நம்பிக்கை வைக்கிறது. இடையில் நிலைமை மாறியதாக ஒரு சொல்லும் இல்லை. முறையிடுகிறவர் கடவுளிடமே பேசுகிறார். பழிசுமத்துகிறவர் அவரைப் பற்றிப் பிறரிடம் பேசிவிட்டு விலகிப்போகிறார். ஆகவே அந்தச் சங்கீதத்தை வாய்விட்டு வாசித்து, அதே வரிசையில் முதலில் உங்கள் கேள்வியையும், பிறகு வேண்டுதலையும், கடைசியாக இதுவரை பெற்ற ஒரு நன்மையையும் ஒரு தாளில் எழுதுங்கள். நன்மை எதுவும் நினைவுக்கு வராவிட்டால் அந்த இடத்தை வெறுமையாக விடலாம். பொய்யாக நிரப்புவதைவிட அது மேல்.

காரணம் கண்டுபிடிக்க அவசரப்படாதீர்கள். வேதாகமத்தில் பெருந்துன்பத்துக்கு ஆளான யோபுவின் நண்பர்கள் 7 நாள் இரவும் பகலும் அவரோடு தரையில் மௌனமாக உட்கார்ந்திருந்தவரை நல்ல துணையாகவே இருந்தார்கள். அவருடைய பாவமே காரணம் என்று விளக்கத் தொடங்கிய பிறகுதான் சுமையானார்கள். யோபு புத்தகத்தின் 42-ஆம் அதிகாரத்தில் கர்த்தருடைய கோபம் மூள்வதும் அவர்கள்மேல்தான். அப்படி விளக்கம் சொல்ல வருகிறவர்களிடம், ‘எனக்காக ஜெபியுங்கள்’ என்று சொல்லிப் பேச்சை முடித்துக்கொள்ளலாம்.

கடவுளை நம்புகிறோம் என்பதற்காகச் செய்யவேண்டியதைத் தள்ளிப்போடக் கூடாது. கடன் கொடுத்தவரிடம் தவணை கேளுங்கள், மருந்தை நிறுத்தாதீர்கள். உறக்கமின்மையும் சோர்வும் வாரக்கணக்கில் நீடித்தால், போதகரிடம் சொல்வதோடு மனநல மருத்துவரையும் பாருங்கள்.