நாவல் சொல்லாத ஆண்டுகளில் ஆடுங்கள்
புகழ்பெற்ற மாயாஜால நாவலை மேசை ரோல்பிளே விளையாட்டாக (ஒவ்வொருவரும் ஒரு பாத்திரமாகப் பேசி, பகடை உருட்டிக் கதையை நகர்த்தும் ஆட்டமாக) மாற்றுபவர்கள், மையக் கதையைத் தொடாமல், ஆசிரியர் விரைவாகக் கடந்துபோன ஆண்டுகளில் ஆட்டத்தைத் தொடங்கினால் தயாரிப்பு வேலை பெருமளவு குறையும். நிலமும் இனங்களும் பகைவர்களும் நாவலிலேயே ஆயத்தமாக இருக்க, முடிவு மட்டும் யாருக்கும் தெரியாது என்பதால், ஆடுபவர்களின் தீர்மானமும் பகடையும் உண்மையாகவே எடுபடும். டோல்கீனின் நாவல்களை வைத்து 2011இல் வெளிவந்த ‘தி ஒன் ரிங்’ விளையாட்டு இதைத்தான் செய்தது: ‘தி ஹாபிட்’ நாவலின் ஐம்படைப் போர் முடிந்து ஐந்து ஆண்டுகள் கழித்து, அந்தக் கதையுலகின் காலக்கணக்கில் மூன்றாம் யுகம் 2946இல் அது தொடங்குகிறது. மையக் கதையான ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ நாவலின் நாயகன் ஃப்ரோடோ பிறக்கவே இன்னும் 22 ஆண்டுகள் இருப்பதால், அவனுக்குத் துணைப்பாத்திரமாக நிற்கும் தொல்லை (பலருக்கும் சலிப்பூட்டுவது இதுவே) யாருக்கும் இல்லை. நாவலையே படிக்காத குழுவுக்கு இந்த வழி தேவையில்லை. அவர்களுக்கு மையக் கதையே புதியது, அதையே ஆடலாம்.