டொனிகால் கரையோரம்: வானத்தைப் பார்த்து வகுக்க வேண்டிய பயணம்

டொனிகாலுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் செய்யும் பிழை, முதல் நாள் இந்த மலை, இரண்டாம் நாள் அந்தக் கடற்கரை என்று ஊரிலிருந்தே கணக்குப் போட்டுக்கொண்டு புறப்படுவதாகும். அயர்லாந்துக் குடியரசின் வடமேற்கு மூலையில், அட்லாண்டிக் பெருங்கடலின் காற்றும் மழையும் நேராக வந்து மோதும் இந்த மாவட்டத்தில், காலையில் தெளிவாக நின்ற மலை நண்பகலுக்குள் மேகத்தில் மறைந்துவிடும். சற்று நேரத்தில் மறுபடியும் தலைகாட்டும். ஆகவே வானம் தெளிந்தால் போக வேண்டிய இடங்கள் ஒரு புறமும், மழையிலும் பார்க்கத் தகுந்த இடங்கள் மறுபுறமுமாக எழுதி வைத்துக்கொண்டு, காலையில் சன்னலைத் திறந்து பார்த்த பிறகு அன்றைய இடத்தை முடிவு செய்வதே சரியான முறை. இதற்குக் குறைந்தது ஐந்து நாள்கள் வேண்டும். மே, ஜூன் மாதங்கள் மிகப் பொருத்தமானவை. ஜூன் நடுவில் இரவு பத்து மணிக்குப் பிறகுதான் சூரியன் மறைகிறது என்பதால், மழை ஓயும் வரை காத்திருந்து மாலை ஆறு மணிக்கு மலைப்பாதையில் இறங்கினாலும் நேரம் போதும்.

இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் வழியைத் தேர்ந்தெடுக்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். டப்ளினிலிருந்து டொனிகாலின் பெரிய ஊரான லெட்டர்கென்னிக்குப் போகும் நேர்வழி, பிரிட்டனைச் சேர்ந்த வட அயர்லாந்தின் ஓமா, ஸ்ட்ரபான் ஊர்கள் வழியாகச் செல்கிறது. எல்லையில் சாவடியோ தடுப்போ கண்ணில் படாது. ஆனாலும் அயர்லாந்து விசா மட்டும் உடையவர் அந்த மண்ணில் கால் வைக்கச் சட்டம் இடம் தருவதில்லை. இரு நாடுகளுக்கும் பொதுவான பிரிட்டிஷ்-ஐரிஷ் விசாத் திட்டத்தின் குறிப்பு விசாவில் இருந்தால் தடையில்லை; இல்லையென்றால் ஸ்லைகோ வழியாக என்4, என்15 சாலைகளில் வந்து பண்டோரன், பாலிஷானன் ஊர்களைக் கடந்து டொனிகால் நகரை அடைய வேண்டும். இந்த வழி முழுவதும் குடியரசுக்குள்ளேயே இருக்கிறது. அயர்லாந்து ஷெங்கன் நாடுகளுள் ஒன்றன்று என்பதால் ஐரோப்பியச் சுற்றுலா விசாவும் இங்கே செல்லாது.

மாவட்டத்துக்குள் ரயில் கிடையாது. பேருந்துகள் ஊர்களை இணைக்கின்றனவே தவிர மலையடிவாரங்களையும் தொலைதூரக் கடற்கரைகளையும் எட்டுவதில்லை. எனவே வாடகைக் கார் இல்லாமல் முழுமையாகச் சுற்றிப் பார்ப்பது கடினம். நம் ஊரைப் போலவே சாலையின் இடப்பக்கம் ஓட்டுவதால் கைக்குப் பழகச் சிரமம் இருக்காது. ஆயினும் கிராமச் சாலைகளில் பல இடங்களில் ஒரு வண்டி மட்டுமே போக முடியும் என்பதாலும், முதுகில் நீலமும் சிவப்புமாகச் சாயம் பூசிய ஆடுகள் வளைவுக்கு அப்பால் சாலையிலேயே படுத்திருக்கும் என்பதாலும், வரைபடம் காட்டும் நேரத்தோடு பாதி நேரம் கூட்டிக்கொள்வது நல்லது. மேற்குக் கரையின் பெரும்பகுதி ஐரிஷ் மொழி வழங்கும் கேல்டாக்ட் பகுதியாகும். அங்கே வழிகாட்டிப் பலகைகளில் ஊர்ப்பெயர் ஐரிஷில் மட்டுமே இருக்கும். டங்லோ என்று நாம் தேடும் ஊர், பலகையில் ‘அன் க்ளாகான் லியா’ என்றே எழுதப்பட்டிருக்கும். போக வேண்டிய ஊர்களின் இரு பெயர்களையும் முன்கூட்டியே குறித்துக்கொள்ளுங்கள்.

வானம் தெளிந்த முதல் நாளைத் தயங்காமல் ஸ்லீவ் லீக் மலைக்குக் கொடுத்துவிட வேண்டும். தென்மேற்கே டீலின் என்னும் சிற்றூருக்கு அருகில் 601 மீட்டர் உயரத்துக்கு எழும் இந்த மலையின் ஒரு பக்கம் அப்படியே வெட்டிவிட்டதுபோல் கடலுக்குள் இறங்குகிறது. அயர்லாந்தின் மேற்குக் கரையில் பெயர் பெற்ற மோஹர் பாறைச் சுவர்களின் உச்சி 214 மீட்டர்தான். ஆனால் மோஹரில் திரளும் கூட்டம் இங்கே இல்லை. கீழே உள்ள நிறுத்தத்தில் காரை விட்டுவிட்டு, பருவ காலத்தில் ஓடும் சிறு பேருந்திலோ நடந்தோ பன்கிளாஸ் காட்சிமுனைக்கு ஏறலாம். நடப்பதையே நான் பரிந்துரைப்பேன். ஏனெனில் சாலை கடல் பக்கம் திரும்பும்வரை மலையின் முகம் தெரிவதில்லை. திரும்பியதும் துருவேறிய சிவப்பும் காவி மஞ்சளும் புல்லின் பச்சையும் கோடு கோடாக ஓடும் அந்தச் சுவர் முழுவதும் ஒரே பார்வையில் எதிரே நிற்கிறது. அடியில் அலைகள் பாறையில் மோதி வெள்ளையாக விரிவது தெரியும். அவ்வளவு உயரத்திலிருந்து பார்க்கையில் அந்த நுரை நகராமல் நிற்பதுபோலவே தோன்றும். நீருக்குள் தனித்து நிற்கும் இரு பாறைகளை ‘அரக்கனின் மேசையும் நாற்காலியும்’ என்று ஊரார் அழைக்கிறார்கள்.

அங்கிருந்து முகட்டை நோக்கிப் பாதை தொடர்கிறது. உச்சிக்கு அருகே ‘ஒற்றையாள் கணவாய்’ எனப்படும் குறுகிய முகடு இருபுறமும் சரிந்து இறங்குவதால், மலையேறிப் பழகாதவர்களும் குழந்தைகளுடன் வந்தவர்களும் அதற்கு முன்பே திரும்பிவிட வேண்டும்; காற்று வீசும் நாளிலும் ஈரம் காயாத நாளிலும் பழகியவர்களும் அங்கே போகலாகாது. உச்சியை அடைய விரும்புவோருக்கு, டீலின் பக்கமிருந்து மலையின் பின்புறமாக ஏறும் பழைய யாத்திரைப் பாதை பாதுகாப்பானது. கடல் அமைதியாக இருக்கும் நாளில் டீலின் படகுத்துறையிலிருந்து புறப்படும் படகில் இதே சுவரைக் கீழிருந்து அண்ணாந்து பார்க்கலாம்.

அதே பகுதியில் மாலின் பெக் என்னும் இடத்தில் உள்ள வெள்ளிக் கடற்கரைக்கு 170க்கும் மேற்பட்ட படிகள் இறங்க வேண்டும். குதிரைலாடம்போல் மூன்று பக்கமும் பாறை சூழ்ந்திருப்பதால் மேலே காற்று அடித்தாலும் மணலில் ஓரளவு அமைதி இருக்கும். அங்கிருந்து ஆர்டரா ஊருக்குப் போகும் வழியில் வரும் கிளெங்கெஷ் கணவாயின் கொண்டை ஊசி வளைவுகளில் நிதானமாக ஓட்டுங்கள். ஆர்டராவுக்கு அருகில் அசரங்கா அருவி சாலையோரத்திலேயே விழுகிறது. மழை பெய்த மறுநாள்தான் அதற்கு உரிய நாள். அதற்குச் சற்று அப்பால் உள்ள மகேரா கடற்கரையின் குகைகளுக்குக் கடல் வற்றிய நேரத்தில் மட்டுமே போக முடியும். நீர் மீண்டும் ஏறும்போது திரும்பும் வழி அடைபட்டுவிடும் என்பதால், அன்றைய வற்றம் எத்தனை மணிக்கு என்று பார்த்து, அதற்கு முன்னதாகவே போய், நீர் திரும்பத் தொடங்குமுன் வெளியே வந்துவிட வேண்டும்.

மழை நாளுக்கு உரியது கிளென்வே தேசியப் பூங்கா. ஏறத்தாழ 16,000 ஹெக்டேர் பரப்பில் மலையும் ஏரியும் சதுப்பும் ஓக் காடுமாக விரிந்த இந்தப் பூங்காவில், வருகையாளர் மையத்திலிருந்து கோட்டைக்கு ஏரிக்கரையோரமாகச் சுமார் நான்கு கிலோமீட்டர் சமதளப் பாதை செல்கிறது. சொந்தக் கார்களுக்கு அனுமதி இல்லை, நடக்க இயலாதவர்களுக்குப் பேருந்து உண்டு. கோட்டையின் அழகைப் பார்ப்பவர்கள் அதைக் கட்டியவரின் வரலாற்றையும் அறிந்திருக்க வேண்டும். இந்த நிலத்தின் உடைமையாளரான ஜான் ஜார்ஜ் அடேர், 1861ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் டெரிவே பகுதியில் குடியிருந்த 244 பேரை வீடுகளிலிருந்து வெளியேற்றினார். அதன் பிறகே இந்தக் கோட்டை எழுந்தது. ஏரிக்கரை இன்று இவ்வளவு ஆளரவமற்று இருப்பதற்கு அந்த வெளியேற்றமும் ஒரு காரணம் என்பதை நினைத்துக்கொண்டு நடந்தால், அந்த அமைதி வேறுவிதமாகப் படுகிறது. இங்கே செம்மான்களைக் காணலாம். அயர்லாந்தில் அற்றுப்போயிருந்த பொன்னிறக் கழுகுகளை 2001 முதல் இந்தப் பூங்காவில்தான் மீண்டும் பறக்கவிட்டார்கள். ஜூலை, ஆகஸ்டில் காற்றில்லாத நேரங்களில் மிட்ஜ் என்னும் பொடிப்பூச்சிகள் மொய்க்கும் என்பதால் பூச்சிவிரட்டிக் களிம்பு அவசியம்.

பூங்காவின் மேற்கே, 751 மீட்டர் உயரத்தில் கூம்புபோல் நிற்கும் எரிகல் மலைக்கு இரண்டாவது தெளிந்த நாளை வைத்துக்கொள்ளுங்கள். டன்லூயி ஊரைத் தாண்டிச் சாலையோரத்திலேயே ஏற்றம் தொடங்குகிறது. அடிவாரச் சதுப்பு மிதிபட்டு அரிந்துபோனதால் அண்மை ஆண்டுகளில் அங்கே கற்பாதை அமைத்திருக்கிறார்கள். அதை விட்டு விலகினால் செருப்பும் முழங்காலும் சேற்றில் போகும் என்பது ஒருபுறமிருக்க, மெதுவாக வளரும் அந்தச் செடிகொடிகளும் அழியும். மேலே வெண்சாம்பல் நிறக் குவார்ட்சைட் சரளை காலடியில் நழுவும். கணுக்காலைப் பிடித்துக்கொள்ளும் காலணியும் காற்றுப் புகாத மழைக்கோட்டும் இருந்தால், நடைப்பழக்கம் உள்ள ஒருவர் இரண்டு மூன்று மணி நேரத்தில் ஏறி இறங்கலாம். உச்சி மேகத்தில் இருந்தால் ஏற வேண்டாம். கீழே உள்ள விஷப் பள்ளத்தாக்கில், கூரையிழந்து நிற்கும் டன்லூயி தேவாலயம் வரை நடந்து வாருங்கள். ஐரிஷில் சொர்க்கத்தைக் குறிக்கும் சொல்லும் நஞ்சைக் குறிக்கும் சொல்லும் ஏறக்குறைய ஒன்றுபோல் ஒலிப்பதால், வரைபடம் தீட்டியவர் மாற்றி எழுதிவிட்டார் என்று அப்பெயருக்கு ஒரு கதை சொல்கிறார்கள்.

வடக்குக் கரையின் கடற்கரைகளில் எச்சரிக்கை வேண்டும். மர்டர் ஹோல் கடற்கரையும் ஐந்துவிரல் கடற்கரையும் பார்ப்பதற்கு மட்டுமே உரியவை; கரையோர இழுப்பு வலுவாக இருப்பதால் அங்கே நீரில் இறங்கக் கூடாது. குளிக்க விரும்புவோர் கோடையில் உயிர்காப்பாளர் இருக்கும் கடற்கரைகளுக்குப் போய், கொடி நட்ட எல்லைக்குள் இறங்கலாம். கடலிலோ பாறையிலோ யாராவது சிக்கிக்கொண்டால் 112 எண்ணை அழைத்துக் கடலோரக் காவலரைக் கேட்க வேண்டும்.

இதே வடக்குக் கரையில் உள்ள ஃபானட் முனையின் கலங்கரை விளக்கம் 1817இல் ஏற்றப்பட்டது. 1811 டிசம்பரில் சல்டானா என்னும் பிரிட்டிஷ் போர்க்கப்பல் அருகிலுள்ள லாக் ஸ்வில்லி கடற்கழியின் வாயிலில் உடைந்து, கப்பலில் இருந்த 250க்கும் மேற்பட்டோர் மாண்ட பிறகே அந்த விளக்குக்கான கோரிக்கை எழுந்தது.

கடைசி நாளை இனிஷோவன் தீபகற்பத்துக்கு வையுங்கள். லெட்டர்கென்னியிலிருந்து போகும் வழியில், 244 மீட்டர் குன்றின் மேல் வட்டமாக நிற்கும் கிரியனான் ஐலெக் கற்கோட்டைக்குள் போய் மதில் மேல் ஏறினால், ஸ்வில்லி, ஃபாயில் ஆகிய இரு கடற்கழிகளும் இருபுறமும் தெரியும். பிறகு பங்க்ரானா வழியாக வடக்கே போய், அயர்லாந்துத் தீவின் வடகோடியான மாலின் முனையை அடையலாம். 1805இல் கட்டிய காவல் கோபுரத்தின் கீழே, இரண்டாம் உலகப் போரின்போது விமானிகளுக்கு இது நடுநிலை நாடு என்று தெரிவிக்க வெள்ளைக் கற்களால் பதித்த நாட்டின் பெயரும் காவலிடத்தின் வரிசை எண்ணான 80உம் இன்னும் இருக்கின்றன. கோபுரத்திலிருந்து மேற்கே பாறை விளிம்பு வரை செல்லும் பாதையில் நடந்து, இருட்டும்வரை இருந்து பாருங்கள். ஊர் விளக்குகள் குறைவு என்பதால், இலையுதிர் காலத்திலும் குளிர்காலத்திலும் சூரியச் செயல்பாடு மிகுந்த தெளிந்த இரவுகளில், வடக்குத் தொடுவானத்தில் துருவ ஒளி பச்சையாக எழுவதை இந்த முனையிலிருந்து காண வாய்ப்புண்டு. அதற்காகக் காத்திருக்க விரும்புவோர் கைவிளக்கும் கம்பளிக் குல்லாயும் கொண்டுபோக வேண்டும். அறையை மாலின் ஊரிலோ கார்ன்டோனாவிலோ எடுத்துக்கொண்டால், நள்ளிரவில் குறுகிய சாலையில் நெடுந்தூரம் ஓட்டத் தேவையிருக்காது.