காட்டொலியை ஓவியமாக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

காட்டின் ஒலியை ஸ்பெக்ட்ரோகிராமாக, அதாவது நேரம் கிடையாகவும் அதிர்வெண் மேல்நோக்கியும் ஒலியின் வலு பிரகாசமாகவும் தெரியும் படமாக, மாற்றுபவர்கள் வண்ணம் தேர்வதிலேயே நேரத்தைச் செலவழிக்கிறார்கள். பிழையோ அதற்கு முன்பே, ரெக்கார்டரில் நுழைந்துவிடுகிறது.

எம்பி3 வேண்டாம். குறைந்த பிட்ரேட்டில் (வினாடிக்கான தரவளவு) ஏறத்தாழ 16 கிலோஹெர்ட்ஸுக்கு மேலுள்ளது வெட்டுப்படும். பூச்சிகளின் கீச்சொலி இருக்கவேண்டிய இடத்தில் வெறும் கருப்புப் பட்டைதான் தெரியும். பிறகு சுருக்கப்படாத வேவ் கோப்பாக மாற்றினாலும் போனது போனதுதான். 48 கிலோஹெர்ட்ஸ் மாதிரி வீதமும் (வினாடிக்கு 48,000 அளவீடுகள்) 24 பிட்டும் கொண்ட வேவ் கோப்பு பறவைகளுக்கும் தவளைகளுக்கும் போதும். மாதிரி வீதத்தில் பாதி அதிர்வெண்வரைதான் பதிவாகும் என்பதால் வௌவால்களுக்கு 256 அல்லது 384 கிலோஹெர்ட்ஸும் மீயொலி மைக்கும் தேவை. காற்றிரைச்சலை நீக்க 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டுவது பலரின் பழக்கம். யானையின் ஆழ்ந்த உறுமலின் அடிப்படை அதிர்வெண் பெரும்பாலும் 35 ஹெர்ட்ஸுக்கும் கீழே. அந்த வெட்டில் உறுமலும் போய்விடும்.

ஸ்பெக்ட்ரோகிராமின் விண்டோ அளவை, அதாவது ஒவ்வொரு முறையும் அலசப்படும் ஒலித்துண்டின் நீளத்தை, மென்பொருள் தந்தபடியே விடாதீர்கள். 48 கிலோஹெர்ட்ஸில் 512 புள்ளி வைத்தால் சுமார் 11 மில்லிவினாடி. தவளையின் ‘டிக்’ ஒலிகள் தனித்தனியாக நிற்கும். 4096 வைத்தால் அவை ஒன்றோடொன்று கலந்து மங்கும், ஆனால் நீண்ட சீழ்க்கையின் கோடு மெல்லியதாக, கூர்மையாக விழும். இரண்டும் ஒரே படத்தில் கிடைக்காது. எந்த உயிரைக் காட்டப்போகிறோம் என்று முதலில் முடிவுசெய்யுங்கள்.

மரம் வெட்டுமுன், வெட்டியபின் என இரு படங்களை அருகருகே வைப்பதில்தான் மிகப் பெரிய தவறு நடக்கிறது. ஒவ்வொரு படத்தின் பிரகாசத்தையும் மென்பொருள் தானாகச் சரிசெய்யும்; அதனால் அடங்கிப்போன காடும் பழைய காட்டைப் போலவே ஒளிரும். இரண்டுக்கும் ஒரே டெசிபல் வரம்பைக் கையால் இடுங்கள், உதாரணமாக −90 முதல் −20 வரை. பதிவின்போதே ஆட்டோ கெயினை (ஒலிப்பெருக்கத்தைத் தானாகக் கூட்டிக் குறைக்கும் வசதி) அணைத்துவிடுங்கள். கருவி, கெயின், பருவம், நேரம் எதுவும் மாறக்கூடாது. விடியலை நண்பகலோடு ஒப்பிட்டால் எந்தக் காடும் அழிந்ததாகவே தோன்றும். மழை பெய்த பதிவை ஒதுக்குங்கள்.

பிரகாசம் வளத்தின் அளவுகோலும் அல்ல. ஒரே வகைச் சில்வண்டு 4 முதல் 8 கிலோஹெர்ட்ஸ் வரை அடைத்துப் படத்தையே ஆக்கிரமிக்கலாம்.

வானவில் வண்ண வரிசை இல்லாத எல்லைகளை உண்டாக்கும். கருநீலத்திலிருந்து மஞ்சள்வரை செல்லும் ‘விரிடிஸ்’ வண்ண வரிசை சீராக ஏறும், நிறக்குருடு உள்ளவர்களுக்கும் புரியும்.

சில ரெக்கார்டர்கள் ஜிபிஎஸ் இடக்குறிப்பைக் கோப்பிலேயே எழுதிவிடும். அரிய உயிரினத்தின் குரல் இருந்தால், ஒலிக்கோப்பை வெளியிடுமுன் அந்த இடக்குறிப்பை அழித்துவிட்டு, படத்தின் கீழே மாவட்டப் பெயரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வேட்டைக்காரர்களும் இடக்குறிப்பைப் படிப்பார்கள்.