நாலு ஜிபி எங்கே போனது? தரவை அளக்கும்போது விடும் பிழைகள்

கிளிநொச்சியில் ஒரு கொமினிகேஷன் கடை. முதல் நாள் 64 ஜிபி பென் டிரைவ் வாங்கிப் போன பெடியன் திரும்பி வந்து, "அண்ணை, இதிலை நாலு ஜிபியைக் காணேல்லை" என்று கடைக்காரரோடு மல்லுக்கட்டினான். கொம்பியூட்டரில் 59.6 என்றுதான் காட்டியது.

கடைக்காரர் ஏமாற்றவில்லை. பென் டிரைவ் செய்பவர்களுக்கு 1 ஜிபி (கிகாபைட்) என்றால் 100 கோடி பைட். பைட் என்பது தரவை அளக்கும் சின்ன அலகு. விண்டோஸ் 1024ஐ மூன்று தரம் பெருக்கி, 107 கோடியே 37 லட்சம் பைட் சேர்ந்தால்தான் 1 ஜிபி என்கிறது. நெல்லைக் கிலோவில் நிறுத்தாலென்ன, புசலில் அளந்தாலென்ன, மூட்டைக்குள் இருப்பது அதே நெல்தானே. 1998இல் 1024 கணக்குக்கென்று கிபிபைட், மெபிபைட் என்று தனிப்பெயர்களும் வைத்தார்கள். விண்டோஸ் கேட்டபாடில்லை. அளவு கூடக்கூட இடைவெளியும் கூடும்: 1 டெராபைட் (1000 ஜிபி) ஹார்ட் டிஸ்க் 931 ஜிபியாகத் தெரியும். சந்தேகம் வந்தால் ஜிபியை விட்டுவிட்டு, பக்கத்தில் போட்டிருக்கும் பைட் எண்ணிக்கையைப் பாருங்கள்.

அடுத்தது பிட்டும் பைட்டும். இணைய வேகத்தைப் பிட்டிலும் கோப்பின் அளவைப் பைட்டிலும் சொல்வார்கள். 8 பிட் ஒரு பைட். 10 எம்பிபிஎஸ் (விநாடிக்கு 10 மெகாபிட்) இணைப்பில் 300 எம்பி வீடியோ அரை நிமிடத்தில் வராது, நாலு நிமிடம் எடுக்கும்.

எழுத்தும் பைட்டும் ஒன்றென்று நினைப்பதும் பிழை. 'வன்னி' என்பது நமக்கு மூன்றெழுத்து. எழுத்துகளைக் கொம்பியூட்டரில் பைட்டாக்கி வைக்கும் யூடிஎஃப்-8 முறையில் அதற்கு 15 பைட் வேண்டும். 'ன்' மேலுள்ள புள்ளிக்கும் 'னி'யில் உள்ள விசிறிக்கும்கூட ஆளுக்கு மூன்று பைட்!

ஆனால் படித்தவர்களும் தடுக்கி விழும் இடம் வேறு. 2020இல் உலகில் 64.2 செட்டாபைட் தரவு உருவானதாக ஐடிசி என்ற ஆய்வு நிறுவனம் மதிப்பிட்டது. ஒரு செட்டாபைட் நூறு கோடி டெராபைட். இவ்வளவும் எங்கோ சேமித்துக் கிடக்கிறது என்று பலர் எழுதிவிடுகிறார்கள். கிளிநொச்சியின் இரணைமடுக் குளத்தை நினைத்துப் பாருங்கள். மாரியில் கனகராயன் ஆற்றால் வந்து சேரும் தண்ணீர் வேறு, குளத்தில் நிற்கும் தண்ணீர் வேறு. வான்கதவு திறந்தால் மிச்சம் சுண்டிக்குளம் பக்கம் போய்விடும். ஐடிசி சொன்னது வரத்துக் கணக்கு. அதில் அடுத்த ஆண்டுவரை சேமித்து வைக்கப்பட்டது நூற்றுக்கு இரண்டுக்கும் குறைவு என்று அவர்களே சொல்லியிருக்கிறார்கள்.

அந்த வரத்திலும் பிரதிகள் சேர்ந்தே இருக்கின்றன. வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலில் ஒரு மாமா 50 எம்பி வீடியோ எடுத்து, 40 பேர் இருக்கும் குடும்ப வட்ஸ்அப் குழுவில் போடுகிறார். எல்லாரும் இறக்கிப் பார்த்தால், கோயிலில் எடுத்த படம் ஒன்றுதான், போன்களில் கிடப்பது 2 ஜிபி. 1000 கணக்கில்தான் சொல்கிறேன்.