பாதுகாப்பு விதியில் ‘தேவையான இடங்களில்’ என்றிருந்தால் அது எந்த இடம்?

நான்கு மீட்டர் உயரச் சாரத்தில் ஒரு பெயின்டர் வேலை செய்துகொண்டிருந்தார். முழு உடல் ஹார்னஸ் (விழுந்தால் தாங்கும் பெல்ட்) போட்டிருந்தார், கொக்கியும் மாட்டியிருந்தார். பாதுகாப்பைச் சோதிக்கப் போன நான் செக்லிஸ்ட்டில் ‘பெல்ட்: உண்டு’ என்று டிக் போட்டுவிட்டு நகர்ந்தேன். பின்னாலேயே வந்த மேஸ்திரி கேட்டார்: “சார், இவர் விழுந்தா முதல்ல பிடிக்கப்போறது கயிறா, தரையா?”

அப்போதுதான் பார்த்தேன், கொக்கி அவருடைய காலடிக் குழாயில் மாட்டியிருந்தது. அங்கேயே கணக்குப் போட்டோம். கயிறு 1.8 மீட்டர். கயிற்றில் உள்ள அதிர்ச்சி தாங்கும் பை கிழிந்து விரிந்தால் இன்னும் சுமார் 1.1 மீட்டர். கயிறு மாட்டும் முதுகு வளையத்திலிருந்து பாதம் வரை சுமார் 1.5. கூடுதல் பாதுகாப்புக்கு 1 மீட்டர். கொக்கிக்குக் கீழே மொத்தம் 5.4 மீட்டர் காலியாக இருக்க வேண்டும், இருந்ததோ 4. செக்லிஸ்ட்படி எல்லாம் சரி, ஆனால் ஆள் தரையில் மோதியிருப்பார். கொக்கியைத் தலைக்கு மேலே, பாதத்திலிருந்து இரண்டு மீட்டர் உயரத்தில் உறுதியான இடத்தில் மாட்டியதும் 6 மீட்டர் கிடைத்தது. அதே பெல்ட், அதே கயிறுதான்.

அன்றிலிருந்து எந்த விதியைக் கையில் எடுத்தாலும், இது எந்தக் காயத்தைத் தடுக்க எழுதியது என்றுதான் முதலில் கேட்கிறேன். பதில் தெரியாவிட்டால் அதை அமல்படுத்தப் போகாதீர்கள், தப்பாகத்தான் செய்வீர்கள். ‘கையுறை கட்டாயம்’ என்ற போர்டை எடுத்துக்கொள்ளுங்கள். வெட்டு, சூடு, ரசாயனம் இவற்றுக்காக வைத்த போர்டு அது. அதையே சுழலும் டிரில்லிங் மெஷின் முன்னால் நிற்பவரிடம் காட்டி வற்புறுத்தினால், பிட்டில் கையுறை சிக்கி விரலோடு இழுத்துப்போகும். அங்கே கையுறையைக் கழற்றச் சொல்வதுதான் பாதுகாப்பு.

அடுத்தது எண்கள். எந்த உயரத்திலிருந்து விழாமல் தடுக்கும் பாதுகாப்பு வேண்டும் என்பது இடத்துக்கு இடம் மாறும். அமெரிக்க விதிகளிலேயே கட்டுமானத்துக்கு 6 அடி, பொதுத் தொழிற்சாலைக்கு 4 அடி. உங்களுக்குப் பொருந்தும் எண் எது என்று பாருங்கள், ஆனால் அதைப் பாதுகாப்பின் எல்லைக்கோடாக நினைக்காதீர்கள். எண்ணுக்கு ஒரு சாண் கீழே நின்றாலும், கீழே நட்டுவைத்த கம்பிகள் நீட்டிக்கொண்டிருந்தால் விழுபவருக்குப் பிழைக்க வழியில்லை.

சிக்கல் பெரும்பாலும் சொற்களில்தான். ‘தேவையான இடங்களில்’, ‘போதுமான’, ‘தகுதி வாய்ந்த நபர்’ போன்றவற்றை ஒவ்வொருவரும் தனக்கு வசதியாகப் படிப்பார்கள். தகுதி வாய்ந்த நபர் என்றால் சான்றிதழ் வைத்திருப்பவர் என்று பலர் நினைக்கிறார்கள். என் கணக்கில் இரண்டு வேண்டும்: ஆபத்தைக் கண்டுபிடிக்கத் தெரிய வேண்டும், கண்டதும் வேலையை நிறுத்தும் அதிகாரமும் இருக்க வேண்டும். இரண்டாவது இல்லாதவரை வேலைக்கான பர்மிட்டில் (அனுமதிச் சீட்டில்) கையெழுத்துப் போடச் சொல்வது அவரைப் பலியாடு ஆக்குவது.

‘நடைமுறையில் இயன்ற வரை’ என்பது இன்னொன்று. “சார், நடைமுறைக்கு ஒத்துவராது” என்று தப்பிக்க எல்லோரும் பிடிக்கும் வால் இது. 1949-இல் பிரிட்டனில், சுரங்கப் பாதை இடிந்து ஒரு தொழிலாளி இறந்த எட்வர்ட்ஸ் வழக்கில் நீதிபதிகள் இதற்கு விளக்கம் சொன்னார்கள். தராசின் ஒரு தட்டில் ஆபத்து, மறு தட்டில் அதைத் தடுக்க ஆகும் செலவு, நேரம், சிரமம். செலவுத் தட்டு வெகுவாகக் கனத்தால் மட்டுமே விட்டுவிடலாம். சமமாக இருந்தால் செய்தே ஆக வேண்டும். ‘செலவாகும்’ என்று மட்டும் சொன்னால் போதாது, எதற்கு எதிராக எவ்வளவு என்று காட்ட வேண்டும்.

தொட்டிக்குள் இறங்குவது போன்ற வேலைகளில் வியாக்கியானத்துக்கு இடம் வைக்காதீர்கள். உள்ளே இருக்கும் காற்றில் ஆக்ஸிஜன் 19.5-க்கும் 23.5 சதவீதத்துக்கும் இடையில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், அப்புறம் தீப்பிடிக்கும் வாயு, அப்புறம் நச்சு வாயு. தொட்டியின் வாயிலில் மட்டும் வாயு அளக்கும் மீட்டரைக் காட்டி ‘சோதனை செய்தாயிற்று’ என்று எழுதுவார்கள். ஹைட்ரஜன் சல்பைடு என்ற நச்சு வாயு காற்றைவிடக் கனம், அடியில் தங்கும். மேல், நடு, அடி என மூன்று மட்டத்திலும் குழாய் விட்டு அளக்க வேண்டும். பழுதுபார்க்க மெஷினை நிறுத்திப் பூட்டும்போதும் இப்படித்தான். பிரேக்கரை இறக்கி, அவரவர் பூட்டைப் போட்டு, சாவியை அவரவர் பையில் வைத்த பிறகு ஸ்டார்ட் பட்டனை ஒருமுறை அழுத்திப் பாருங்கள். ஹைட்ராலிக் அழுத்தம், தூக்கி நிற்கும் பாகம், சுருண்ட ஸ்பிரிங் எல்லாம் கரன்ட் போன பிறகும் அடிக்கும்.

வேலையாட்கள் மறுத்தால் அதட்டுவதற்கு முன் ஏன் என்று கேளுங்கள். பாதுகாப்புக் கண்ணாடியைக் கழற்றி வைத்த ஒரு வெல்டர் ஹெல்பரிடம் கேட்டேன். “ஆவி படிஞ்சு ஒண்ணுமே தெரியல அண்ணே” என்றார். ஆவி படியாத கண்ணாடி வாங்கிக் கொடுத்த பிறகு அவரிடம் ஒருமுறைகூடச் சொல்ல வேண்டி வரவில்லை. உயிருக்கு உடனடி ஆபத்து என்று நியாயமாக நம்பி ஒருவர் விலகி நின்றால் அதற்காக அவரைத் தண்டிக்கக் கூடாது என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1981-ஆம் ஆண்டு 155-ஆம் உடன்படிக்கை சொல்கிறது. இதை டூல்பாக்ஸ் பேச்சில் (வேலைக்கு முன் நடக்கும் சின்னப் பாதுகாப்புப் பேச்சில்) வாய்விட்டே சொல்லிவிடுவேன். சில மேனேஜர்களுக்குப் பிடிக்காது.

கடைசியாக, முடிவு எடுத்த காரணத்தை அங்கேயே இரண்டு வரி எழுதி வையுங்கள். என் செக்லிஸ்ட்டில் இப்போது ‘பெல்ட்: உண்டு’ என்ற வரி கிடையாது. ‘கொக்கி மாட்டிய இடம்’, ‘அதற்குக் கீழே காலி உயரம், மீட்டரில்’ என்று இரண்டு கட்டங்கள் இருக்கின்றன. டேப் பிடிக்காமல் அவற்றை நிரப்ப முடியாது.